ஒச்சம்மா வீட்டு அடுப்படி மண்

சின்னாற்றுக்குத் தென்கரையில் கருங்குன்றம் என்றொரு பாளையமும் வடகரையில் செம்மேடு என்றொரு பாளையமும் இருந்து, இந்தக் கரைப் பெண்ணை அந்தக் கரைக்கும் அந்தக் கரைப் பெண்ணை இந்தக் கரைக்கும் கட்டிக்கொடுத்து, சம்பந்தம் கலக்காத வீடே இல்லை என்கிற அளவுக்கு இரண்டும் பின்னிக் கிடந்த காலத்தில், கருங்குன்றத்து மக்கள் இரண்டே பேரைத்தான் வீட்டுக்குள் விடப் பயந்தார்கள். ஒருவன் எமன், இன்னொருத்தி வெடியுப்புக்காரி பவளாயி. எமனாவது ஒரு ஆளோடு போய்விடுவான், இவள் வந்தால் தரையையே பெயர்த்துக்கொண்டு போகிறாளே என்று பெண்கள் கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள்.

பவளாயி கெட்டவள் இல்லை. வெடிமருந்துக்கு வேண்டிய கரியை எருக்கஞ்செடி தரும், கந்தகத்தை வண்டிக்காரர்கள் கடற்கரைப் பட்டணத்திலிருந்து கொண்டுவருவார்கள், மூன்றாவதான வெடியுப்பை மட்டும் மனிதரும் மாடும் நெடுங்காலம் புழங்கிய மண்தான் தரும் என்பதால், அவளும் அவள் புருஷன் கொம்பையனும் மண்வெட்டியும் கூடையுமாக வீடு வீடாக அலைந்தார்கள். மாட்டுக்கொட்டகையிலும் அடுப்படியிலும் தரையோரம் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பவளாயி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். சில்லென்று இழுத்தால் கொம்பையனுக்குக் கண்ணைக் காட்டுவாள். தோண்டிய மண்ணை ஓட்டைப் பானையில் இட்டுத் தண்ணீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறங்கும் பழுப்புநீரில் சாம்பலைக் கரைத்து, பெரிய கொப்பரையில் காய்ச்சி ஆறவிட்டால் அடியில் வெள்ளை வெள்ளை ஊசியாக உப்பு படியும். அந்த ஊசிகள் இல்லாமல் எந்தப் பீரங்கியும் வாய் திறக்காது. ஆகவே பாளையத்தில் ஒரு சட்டம் இருந்தது. மண்ணுக்கு மேலே விளைவது குடியானவனுக்கு, தரைக்குள் பூப்பது அரண்மனைக்கு. உப்புக்காரர் எந்த வீட்டிலும் கேட்காமல் நுழையலாம், முழங்கை ஆழம் தோண்டலாம். கல்லோ சுண்ணாம்போ போட்டுத் தரையை மூடினால் கசையடி. இந்தச் சட்டத்தை வருஷத்துக்கொரு முறை தண்டோரா போட்டுச் சொன்னார்கள், மறந்தவர்கள் யாரும் இல்லாவிட்டாலும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. செம்மேட்டுக்காரர்கள் ஆற்றின் குறுக்கே இருந்த கல்லணையில் இன்னும் இரண்டு வரிசைக் கல்லை ஏற்றித் தண்ணீரைத் தங்கள் வாய்க்காலுக்குத் திருப்பிக்கொண்டார்கள். கருங்குன்றத்துப் பாளையக்காரர் குமாரசின்னு ஆள் அனுப்பிக் கேட்டார், செம்மேட்டிலிருந்து ஏளனமாக ஒரு பதில் வந்தது, இவர் அதைவிட ஏளனமாக ஒன்று சொல்லியனுப்பினார். அப்படியே பேச்சு தடித்து, ஒருநாள் பரிசல்களை எல்லாம் கரையில் கவிழ்த்துப் போட்டு, அணையிலும் காவல் வைத்துவிட்டுச் சண்டை என்று அறிவித்தார்கள்.

பரிசல் நின்றதில் அதிகம் அடிபட்டவள் ஒச்சம்மா. அவளுடைய ஒரே மகள் வெள்ளத்தாய், செம்மேட்டில் காசி என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டிய மாதத்தில் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டாள். ஒச்சம்மா மகளுக்காக இடித்து வைத்த மருந்துப்பொடியும் பழம்புடவைகளும் காத்துக் கிடக்க, தினமும் காலையில் ஆற்றங்கரைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வருவாள். அப்படி ஒருநாள் திரும்பி வந்தபோதுதான் பவளாயி அவள் அடுப்படியில் குத்தவைத்து நாக்கில் மண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒச்சம்மா அகப்பையை எடுத்துக்கொண்டு வழிமறித்தாள். பெண்ணைத்தான் மறித்துவிட்டீர்கள், அவள் உட்கார்ந்து தின்ற இடத்தையுமா என்று கேட்டாள். பவளாயி எழுந்து நின்று, பொங்கலுக்குள் பத்துப் பீரங்கிக்கு மருந்து சேராவிட்டால் தங்களையும் பாளையத்தை விட்டுத் துரத்திவிடுவதாக அரண்மனையில் சொல்லியிருப்பதைச் சொன்னாள். ஒச்சம்மா கையைத் தளர்த்தவில்லை, ஆனால் அடிக்கவும் இல்லை. கொம்பையன் தலையைக் குனிந்தபடியே தோண்டினான். போகும்போது பவளாயி குழியை மண் போட்டு மட்டம் தட்டி, சாணம் கரைத்து மெழுகிவிட்டுப் போனாள். அது சட்டத்தில் இல்லாதது.

அந்த மண்ணிலிருந்து இறங்கிய உப்பு மல்லிகை அரும்பு போல வெளுப்பாக இருந்தது. பீரங்கிக்கார மதார் சாயபு அதைக் கரியோடும் கந்தகத்தோடும் அரைத்து, ஊருக்கு வெளியே பொட்டலில் வைத்துச் சோதித்தார். மருந்தைக் கெட்டித்தார், கல்குண்டை உருட்டினார், திரியை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு விலகி நின்றார். பீரங்கி வெடிக்கவில்லை. அது சிரித்தது. கொலுசு குலுங்குவது போல ஒரு இளம்பெண்ணின் சிரிப்பு குழாயிலிருந்து புறப்பட்டுப் பொட்டலைக் கடந்து பனங்காட்டில் மோதித் திரும்பியது. அதன் பின்னாலேயே ஒச்சம்மாவின் குரல், வாயை மூடுடி, சம்பந்தக்காரங்க காதுல விழப்போவுது என்று அதட்டியது. கல்குண்டு மெல்ல உருண்டு வந்து சக்கரத்தடியில் நாய்க்குட்டி மாதிரி படுத்துக்கொண்டது.

ஊரில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் ஏர் பூட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் அது கேட்டது. வெள்ளத்தாய் வந்துவிட்டாள் போலிருக்கிறதே என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாவுக் கையோடு ஓடிவந்த ஒச்சம்மா, பொட்டலில் மகளைத் தேடிப் பார்த்துவிட்டு, மதார் சாயபு பீரங்கியைக் கைகாட்டிய பிறகு, சூடு ஆறாத அதன் வாயில் காதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். இரண்டாம் முறை அதே சிரிப்பு வரவில்லை. அம்மி அரைக்கும் சத்தமும், வெள்ளத்தாய் சின்னப்பிள்ளையாக இருந்தபோது புளி திருடித் தின்று அகப்பட்டுக்கொண்டு சொன்ன பொய்யும் வந்தன. அந்தப் பொய்யைக் கேட்டு ஒச்சம்மா சிரித்த சிரிப்பில், தன் பக்கத்தில் நிற்பது பவளாயி என்பதையும் மறந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கருங்குன்றத்தில் உப்புக்காரியைக் கண்டு கதவைச் சாத்தியவர்கள் உப்புக்காரிக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். எங்கள் கொட்டகைக்கு எப்போது வருவாய், எங்கள் அடுப்படியை ஏன் இன்னும் பார்க்கவில்லை என்று வழியில் பிடித்துக் கேட்டார்கள். பவளாயி தோண்டினாள், காய்ச்சினாள், மதார் சாயபு அரைத்தார், மாலை வெயில் தாழ்ந்ததும் ஊரே பொட்டலில் கூடியது. மாட்டுக்கொட்டகை மருந்து பால் பீச்சும் சத்தத்தோடும் கன்றுக்குட்டியின் அவசரத்தோடும் வெடித்தது. கள்ளுக்கடைத் தரையின் மருந்து சுருதி சேராமல் ஒரு தெம்மாங்கைப் பாதி வரை பாடி, அடுத்த வரியை மறந்து, ஆரம்பத்திலிருந்து பாடியது. எல்லைத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர், செத்துப்போன அப்பன் ஒரு மாம்பழத்தை இரண்டாக அறுத்து, கொட்டைப் பக்கம் யாருக்கு என்று கேட்டுச் சிரிப்பதைக் கேட்டுவிட்டு, ஒரே வழியில் வீட்டுக்குப் போனார்கள். ஒருமுறை வெடித்த சத்தம் மறுமுறை வராது என்பதால், கேட்பதா, தரைக்குள்ளேயே இருக்க விடுவதா என்று வீடுகளில் வாதம் நடந்தது. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய், என் வீட்டில் தோண்டவேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும் என்று சொன்னாள். பவளாயி அந்த வீட்டு வாசலோடு திரும்பினாள்.

இது எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி ஊர் வைத்தியர், மனிதரின் வியர்வையும் மூச்சும் மாட்டின் மூத்திரமும் மண்ணில் இறங்கித்தான் உப்பு ஆகிறது, பேச்சும் மூச்சுதானே, அது மட்டும் எங்கே போகும் என்று சொன்னார். சரிதான் என்று கேட்டுக்கொண்டு, அவரவர் வேலையைப் பார்த்தார்கள். கல்யாணத் தரகர்கள்தான் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பெண்வீட்டுத் தரைமண்ணில் ஒரு பிடி மருந்து செய்து வெடித்துப் பார்க்காமல் தாம்பூலம் மாற்றுவதில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்ல ஆரம்பித்ததும், கருங்குன்றத்துக் குடும்பங்கள் கொஞ்ச காலம் தரைக்குப் பயந்து, உப்பு குறைந்த குழம்பைக்கூட அமிர்தம் என்று சொல்லிச் சாப்பிட்டன. ஏற்கெனவே பேசியதெல்லாம் உள்ளேதானே இருக்கிறது, இனிமேல் நடித்து என்ன பண்ண என்று அலுத்துப்போய், ஒரு வாரத்தில் பழையபடி கத்தத் தொடங்கின.

அரண்மனைக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. பொங்கல் நெருங்குகிறது, செம்மேட்டில் முரசு கொட்டுகிறார்கள், இங்கே பீரங்கிகள் கொழுக்கட்டை செய்யும் பக்குவம் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்று குமாரசின்னு கொதித்தார். குடியானவர் வீட்டு மண்ணில்தான் இந்தக் கூத்து, தர்பார் மண்டபத்துத் தரையில் ஆணையைத் தவிர வேறெதுவும் விழுந்ததில்லை, அதைத் தோண்டுங்கள் என்றார். தோண்டினார்கள். அவரே பொட்டலுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரி எரிந்தது. முதலில் மந்திரிகளின் கொட்டாவி வரிசையாக வந்தது. அதற்குப் பிறகு, யாரும் இல்லாத நேரத்தில் குமாரசின்னு தனக்குத் தானே பாடிக்கொண்ட பரிசல்காரர் பாட்டு, கொஞ்சம் மூக்கால், கொஞ்சம் அபசுரமாக, ஆனால் மனசு நிறைந்து முழுதாக வந்தது. பாட்டு முடிந்ததும் அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே, நன்றாகத்தான் இருந்ததா என்று பக்கத்திலிருந்த மதார் சாயபுவை மெல்லக் கேட்டார். இரண்டாம் அடியை இன்னும் இழுத்துப் பாடலாம் என்று சாயபு உண்மையைச் சொன்னார்.

கோபம் இறங்கியும் முரசு நிற்கவில்லை. சண்டை என்று சொல்லியாகிவிட்டது, திரும்பப் பெற வாய் வரவில்லை. அவர் பவளாயியைக் கூப்பிட்டு, ஒழுங்காக வெடிக்கும் மருந்துக்கு என்ன வழி என்று கேட்டார். பவளாயி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு இது வயிற்றுப்பாடு, பொய் சொல்லித் தப்பிக்கலாமா என்றுகூட யோசித்தாள். தெரிந்ததைத்தான் சொல்ல முடிந்தது.

"ஆளு குடியிருக்காத மண்ணுல உப்பு பூக்காது, சாமி. பாறையிலயும் பொட்டல்லயும் சொரண்டிப் பார்த்துட்டோம். வெறும் மண்ணுதான்."

குமாரசின்னு இருக்கிற மருந்தையும் பீரங்கிகளையும் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். இவை குண்டு எறியாது என்பது எதிரிகளுக்குத் தெரியாது, பீரங்கிகளைப் பார்த்தாலே பின்வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் இரண்டு பாளையத்தின் வேலும் வாளும் இரண்டு கரையிலும் நின்றன. பத்துப் பீரங்கிகளும் வடக்கே பார்த்து நின்றன. அப்போது ஒச்சம்மா ஒரு சின்ன மண்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு படைக்கு நடுவே நடந்து வந்தாள். அவள் அடுப்படி மண்ணில் கடைசியாக எடுத்த மருந்து அது. தனக்கென்று பவளாயியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அதைக் குமாரசின்னுவின் குதிரை முன்னால் இறக்கினாள்.

"பரிசல்தான் விடமாட்டேங்கிறீங்க. என் பேச்சாவது போவட்டும்" என்றாள்.

பாளையக்காரர் அவளைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், அக்கரையைப் பார்த்தார். பிறகு மதார் சாயபுவைப் பார்த்துத் தலையை அசைத்தார். சாயபு குழாய்களை வானத்தைப் பார்க்கத் தூக்கி வைத்தார். முதல் பீரங்கியில் ஒச்சம்மாவின் மருந்தைக் கெட்டித்துத் திரி வைத்தார்.

அக்கரையில் முன்வரிசையில் வேலோடு நின்ற காசி, வெடியை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்தான். ஆற்றின் மேலே அவன் மாமியாரின் குரல் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று, அவன் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அடுப்படியில் ஒச்சம்மா மகளிடம் சொன்னதெல்லாம் வந்தது. மாப்பிள்ளைக்குக் காது கொஞ்சம் பெரிசு, ஆனா கண்ணு நல்ல கண்ணு. தட்டில் வைத்த பணியாரத்தை எண்ணாமல் தின்றுவிட்டு, இன்னும் இருக்கா என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். போய் இரண்டு போடுடி, இவன் உன்னை வைத்துக் காப்பாற்றுவான். வெள்ளத்தாய் சிரித்துக்கொண்டே, அம்மா, அவருக்குக் கேட்டுறப்போவுது என்றாள். கேட்டுவிட்டது. செம்மேட்டுப் படை முழுவதும் கேட்டுவிட்டது. காசியின் காதைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆள் சிரித்தான், அவனுக்குப் பின்னால் இருந்தவன் சிரித்தான். அதற்குள் இரண்டாம் பீரங்கி வேறொரு அடுப்படியின் குரலில் பேசத் தொடங்கியது. இப்போது சிரித்துக்கொண்டிருந்தவனின் முகம் மாறியது, ஏனென்றால் இது அவன் மாமியார். மூன்றாவதும் நான்காவதும் வெடித்தன. குறட்டை விடுகிற மாப்பிள்ளை, பேயென்றால் பயப்படுகிற மாப்பிள்ளை, மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு நாழிகையும் நகராமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை என்று செம்மேட்டு ஆண்களில் பாதிப்பேரின் வண்டவாளம் ஆற்றைக் கடந்து வந்து இறங்க, வேலை ஊன்றி அதன்மேல் சாய்ந்து சிரிக்கிறவனும், மூஞ்சியை மறைத்துக்கொள்கிறவனும், எங்கம்மா குரலு என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறவனுமாகப் படை குலைந்துபோனது.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நிறைவயிற்றைப் பிடித்தபடி வெள்ளத்தாய் தண்ணீரோரம் வந்து நின்றாள். அம்மா என்று கூப்பிட்டாள். தென்கரையில் பரிசல்காரர்கள் யாருடைய உத்தரவும் இல்லாமல் பரிசலை நிமிர்த்தினார்கள். ஆனால் அவள் பரிசலுக்குக் காத்திருக்கவில்லை. கல்லணையின் மேலேயே நடக்க ஆரம்பித்து, காசி பதறிப்போய் வேலும் கையுமாகக் கூடவே வர, எதிரே ஒச்சம்மா ஓடிவர, அணையின் நடுவில் இருந்த மணல்திட்டுக்கு வந்தபோது அங்கேயே வலி எடுத்து உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு யாருக்கும் சண்டை நினைவில் இல்லை. காசி தன் வேலை மணலில் குத்தினான். பார்த்தவர்கள் ஓடிவந்து, இரண்டு கரை வேல்களையும் வட்டமாகக் குத்தி நட்டார்கள். பெண்கள் ஓடிப்போய் மாற்றுப்புடவைகளை எடுத்துவந்து வேல்களின் மேல் கட்டி மறைப்புப் போட்டார்கள். வெந்நீருக்குப் பெரிய பாத்திரம் வேண்டும் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பவளாயி கரையோரம் இருந்த தன் கொப்பரையைச் சாம்பல் போட்டுத் தேய்தேயென்று தேய்த்து, ஆற்றுநீர் மொண்டு, மதார் சாயபுவின் திரியிலிருந்தே நெருப்பு எடுத்து அடுப்பு மூட்டினாள். கொம்பையன் சுமந்துகொண்டு ஓடினான். மறைப்புக்கு வெளியே, பிரசவ வீட்டு வாசலில் ஆண்கள் நிற்பது போல, கையைப் பிசைந்துகொண்டு இரண்டு பாளையக்காரர்களும் அருகருகே நின்றார்கள். நிற்க முடியாமல் அணைக்கல்லில் உட்கார்ந்தார்கள். சும்மா உட்கார முடியாமல் பேசினார்கள். புதிதாக ஏற்றிய இரண்டு வரிசைக் கல்லை இறக்கிவிடுவது, தண்ணீரை முறை வைத்து விடுவது என்று பேசி முடித்து, ஒருவர் பெட்டியிலிருந்து மற்றவர் வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டபோது, புடவை மறைப்புக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டது. மருந்தும் திரியும் இல்லாமல் கேட்ட அந்தச் சத்தத்துக்கு இரண்டு கரையும் சேர்ந்து குலவையிட்டன.

பெண் குழந்தை. இரண்டு பாளையமும் அது தங்களுடையது என்றன. அணைச்சி என்று பேர் வைத்தார்கள்.

பொங்கல் முடிந்து தண்டோரா போட்டார்கள். இனிமேல் கூப்பிடாமல் யாரும் யார் வீட்டுத் தரையையும் தோண்டக்கூடாது, கல் போடுகிறவர்கள் போடலாம், சுண்ணாம்பு பூசுகிறவர்கள் பூசலாம் என்றார்கள். யாரும் போடவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது தாய்வீட்டு மண்ணில் ஒரு பிடி மருந்து செய்து சீரோடு அனுப்பும் வழக்கம் மட்டும் வந்தது. அதனால் பவளாயிக்கு இரண்டு கரையிலும் வேலை ஓயவில்லை.

அதுவரை அவளும் கொம்பையனும் மண் கிடைக்கிற இடத்தில் ஓலைக்குடிசை போட்டு, மண் தீர்ந்ததும் பிரித்துக்கொண்டு போகிறவர்கள். குமாரசின்னு அணைக்கரையில் அவர்களுக்கு மனை கொடுத்தார், ஊர்க்காரர்கள் சுவர் வைத்துக் கொடுத்தார்கள், தரையை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று இருவரும் சொல்லி, செம்மண்ணும் களிமண்ணும் கலந்து திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி மெழுகினார்கள். மெழுகி முடித்த பிறகு அவர்களுக்குப் பேச்சு வரவில்லை. புதுத் தரையில் முதலில் விழுகிறது நல்லதாக விழவேண்டும் என்று பவளாயிக்கு ஆசை. சாமி பேர் சொல்லலாமா, பாட்டுப் பாடலாமா என்று வாசலுக்கு வெளியே வந்து யோசித்தாள். உள்ளே போனால் இருவரும் சைகையில் பேசிக்கொண்டார்கள். கொம்பையன் தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினான்.

ஒச்சம்மா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெள்ளத்தாயோடு வீடு பார்க்க வந்தாள். வாசலில் விஷயத்தைக் கேட்டதும் அவளும் வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்து குழந்தையைத் தரையில் விட்டுவிட, எல்லோருமாக உட்கார்ந்து முதல் வார்த்தையை யோசித்தார்கள். அணைச்சி குப்புற விழுந்தாள், தலையைத் தூக்கி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள், யாரும் ஏன் பேசவில்லை என்பது போல. பிறகு இருந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போனாள். அது மெழுகிய தரையில் பளபளவென்று ஒரு சின்ன வாய்க்காலாக ஓடி, சுவரோரம் போய்த் தேங்கியது.

ஒச்சம்மா பதறிப்போய் முந்தானையை எடுத்தாள். பவளாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடைக்காதீங்கக்கா. எறங்கட்டும். அதுலதான் உப்பு பூக்கும்."

கொம்பையன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரிக்க, என்னவென்று தெரியாமலே அணைச்சியும் சிரிக்க, ஈரம் மெல்ல மெல்ல மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.